நாற்பத்தொருவர்

சின்னப்பாலத்து ரேஷன் கடைக்குப் பின்னே
வலை காயும் இடத்தில் மேசை போட்டேன்.
கண்ணாடிச் சதுரம், மடிக்கணினி,
ஈரம் துடைக்கப் பழைய துண்டு ஒன்று.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.
விரலை வைங்க. எடுங்க. மறுபடி வைங்க.
மூன்றாம் நாளில் என் குரல்
பேருந்து நிலைய அறிவிப்பாக மாறியிருந்தது.

ரேகை எனக்கு ஓர் அலை.
மேடு பள்ளம், மேடு பள்ளம்,
மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டு மேடு.
எங்கே ஒன்று இரண்டாய்ப் பிரிகிறது,
எங்கே சொல்லாமல் நின்றுவிடுகிறது,
அந்தப் புள்ளிகள் போதும்
கோடிப் பேரில் ஒருவரைக் கூப்பிட.

நம்புகனி வைத்தாள்.
திரையில் வெண்மை. குறுக்கே
நாலைந்து கோடு கிழித்திருந்தது பார்.
துணி சுற்றி, ரப்பர் சுற்றி, அதற்கு மேலும் சுற்றி
கட்டக்கோரை பறிக்கிற விரலில்
கல் தன் ரேகையைப் பதித்துவிட்டுப் போயிருந்தது.

"போன மாசம் சீனி வாங்கல" என்றாள்
என்னிடம் இல்லை, பெட்டியிடம்.
"ஓடிபி மகன் நம்பருக்குப் போவும். அவன் போட்ல.
அங்க சிக்னல் கெடையாது."

சிக்னல் என்ற சொல்லில் என் முனைவர் பட்டம் இருக்கிறது.
அவள் சொன்னபோது அதில்
இரண்டு கிலோ சீனி இருந்தது.

இப்படி நாற்பத்தொரு பேர்.
வழிகாட்டி போனில் சொன்னார்:
"இரைச்சல்னு ஒதுக்கிடும்மா, பிழை விகிதம் அழகா இறங்கும்."
இறங்கியது, பதின்மூன்றிலிருந்து ஒன்றுக்கு.
அன்றிரவு விடுதிச் சோறுதான் இறங்கவில்லை.

மறுவாரம் அவர்களோடு வத்தையில் ஏறினேன்.
கச்சான் கொஞ்சம் ஓய்ந்திருந்தது.
முகக்கண்ணாடி, காலில் கட்டிய தகரத் தட்டு, இடுப்பில் சாக்கு.
முங்கினார்கள்.
மேலே வருகிறபோது ஒவ்வொருத்தியும்
ஒரு மூச்சு விடுகிறாள்.
நான் ஒலிவாங்கியை நீட்டினேன்.

நம்புகனியுடையது முதலில் ஒரு சீழ்க்கை,
பிறகு பலகை தேய்வதுபோல் இரண்டு இழுப்பு.
காணிக்கையம்மாளுடையது இருமலில் முடியும்.
ராக்கு கெட்டவார்த்தையோடு வருவாள்,
பாதி வார்த்தை தண்ணீருக்குள்ளேயே ஆரம்பித்திருக்கும்.
திரும்பிப் பார்க்காமல் ஒருத்தி சொல்கிறாள்:
"ராக்கு வந்துட்டா. கனியத்தான் இன்னும் காணும்."

ஆறு நாள், மூன்று வத்தை.
இரவில் அந்த மூச்சுகளை நிறங்களாக விரித்தேன்.
நாற்பத்தொருவரில் முப்பத்தொன்பது பேரைக்
கணினி பேர் சொல்லி அழைத்தது.
விடிந்ததும் கரைக்கு ஓடினேன்,
பல்கூட விளக்கவில்லை.

"அப்ப கடையில போயி
மூச்சு முட்டிக் காட்டணுமா?" என்றாள் கனி.
எல்லோரும் சிரித்தார்கள், நானும்.

ராக்கு சிரிக்கவில்லை.
"குருசடைத் தீவுல ஒரு மரத்துல
இதைக் கட்டி வெச்சா
யார் யாரு முங்குனாங்கன்னு
பாரஸ்ட்காரனுக்குத் தெரிஞ்சிருமா?"

தெரிந்துவிடும்.
ஒரு கருவி, ஒரு மின்கலம், ஒரு மரம்.
என் நிரலில்
ஒரு வரிகூட மாற்ற வேண்டாம்.

அழித்துவிடு என்று யாரும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.
அவர்கள் பாட்டுக்குப் பாசியில் ஒட்டிய
சிப்பியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அட்டவணை நான்கில்
நாற்பத்தொருவரையும் திரும்பச் சேர்த்தேன்.
பிழை பதின்மூன்று விழுக்காடு,
பிழைத்தது கருவி, என்று அடிக்குறிப்பு.
வழிகாட்டி அதைச் சிவப்பில் சுழித்தார்.
மூச்சுக் கோப்புகளை அழித்தேன்,
குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன்.
காதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஊருக்குத் திரும்புகிற பேருந்து
பாம்பன் பாலத்தில் மெதுவாகியது.
சன்னலோரம் நான்.
கீழே எங்கோ
ஒரு சீழ்க்கை, இரண்டு இழுப்பு.

கனிதான்.
யாராவது கேட்டால்
காற்று என்பேன்.