சூடானால் வாய் மூடும்

விடிய மூன்றரைக்குச் சாவி திருப்பினால்
டிக் டிக் டிக் என்று
பல்லில் சோளப்பொரி நசுங்குகிற சத்தம்.
பின்சீட்டில் ஏழு கட்டுப் பேப்பர்.
ஹாகன் நகரம் மலைச்சரிவில் போர்த்திக்கொண்டு கிடக்க
நான் மட்டும் இருபத்தேழு வயதுக் கோல்ஃபோடு
தெருத்தெருவாகக் குரைத்தபடி இறங்குவேன்.

எர்ஜானின் கராஜ் திறக்க மணி பதினொன்று.
பானட்டைத் தூக்கிக் காது கொடுப்பான்.
டொக்டரின் கதிரையில் ஏறியதும்
காய்ச்சல் விட்டுப்போகும் பிள்ளை மாதிரி
கார் சாதுவாய் நிற்கும்.
"எங்கே சத்தம்?"

காஸ்கெட் மாற்றினோம், எண்பது யூரோ.
வளைகுழாய் மாற்றினோம், நூற்றிப்பத்து.
சைலென்சர் சேரும் இடத்தில் பசை பூசி
தகரம் சுற்றி இறுக்கினான், அதற்குக் காசு வாங்கவில்லை.
மறுநாள் மூன்றரை. டிக் டிக் டிக்.
ட்யூஃப் சோதனைக்குப் பத்து நாள்.

வித்துப்போடு என்றாள் ஜெயரூபி,
வாங்க வருகிறவனுக்குப் பதினொரு மணிக்குக் காட்டு.
நல்ல யோசனைதான்.
அவனும் ஒரு நாள்
குளிரில் எழும்ப மாட்டானா?

மேல்மாடி வீகாண்ட் கடிதம் போட்டிருந்தார்.
திங்கள் 3.31. செவ்வாய் 3.29. புதன் 3.34.
புதன்கிழமை நான் பிந்தியது
அதைப் படித்துத்தான் எனக்குத் தெரியும்.

வியாழன் அவரே இறங்கி வந்தார்,
இரவுடுப்புக்கு மேலே கோட்டு, காலில் கம்பளிச் செருப்பு.
திட்ட வந்த ஆளை வீணாக்கக் கூடாது.
"நல்ல நேரத்தில் வந்தீர்கள்,
இந்தப் பழந்துணியால் புகைக்குழாயைப் பொத்துங்கள்."
முழங்கால் மடியாது என்றார்.
பிறகு, என்ன நினைத்தாரோ,
துணியைக் குழாயில் அடைத்து
செருப்புக் காலை அதன்மேல் அழுத்தி
சுவரைப் பிடித்தபடி நின்றார், கொக்கு.

போக வழியில்லாத புகை
ஒளித்திருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது.
ஸ்ஸ்ஸ்.
வெப்பத்தகட்டைக் கழற்றிய எர்ஜான்
திருப்பிப் பூட்ட மறந்ததும் நல்லதாய்ப் போயிற்று.
டோர்ச் வெளிச்சத்தில், மூன்றாம் சிலிண்டருக்குக் கீழே
வார்ப்பிரும்பில் ஒரு கோடு.
தலைமயிர் என்று நினைத்துத் துடைத்தேன்.
போகவில்லை.

அவர் காலை எடுத்துவிட்டு முன்னால் வந்தார்.
இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.
இரும்பு சூடேறி விரிய விரிய
கோடு தன்னைத்தானே தைத்துக்கொண்டது.
சத்தம் நின்றது.
"அயோக்கியப் பயல்" என்றார் வீகாண்ட்,
காரைத்தான்.
செருப்பு கரியிலும் தண்ணீரிலும் ஊறிப்போயிருந்தது.

காயலான் கடையில் மல்லாந்து கிடந்த
வெள்ளைக் கோல்ஃப் ஒன்று தன் மேனிஃபோல்டைத் தந்தது,
முப்பத்தைந்து யூரோவுக்கு.
நட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்தான் எர்ஜான்.
ஏழு கழன்றன.
எட்டாவது, வருகிறேன் வருகிறேன் என்று அரைச் சுற்று வந்து
கழுத்து முறிந்தது.
மிஞ்சிய முளையில் புது நட் ஒன்றை வெல்ட் வைத்து
அது சிவந்து கறுக்கும்வரை காத்திருந்தோம்.
ஸ்பானரை மெல்ல, மெல்ல.
வந்தது.
அவன் துருக்கியில் ஏதோ சொன்னான், நான் தமிழில் சொன்னேன்.
இரண்டும் இங்கே எழுத உதவாது.

இன்று மூன்றரை.
கோல்ஃப் தொண்டையை ஒருமுறை செருமியது, அவ்வளவுதான்.
வீகாண்டின் ஜன்னல் இருட்டு.
அவர் கதவுப்பிடியில் ஒரு பை கொழுவியிருக்கிறேன்:
கம்பளிச் செருப்பு, நாற்பத்துநாலு.
புகைக்குழாய்க்குப் பக்கத்தில் கிடந்த ஈரத்தடத்தைப் பார்த்து
மட்டுக்கட்டிய அளவு.

சரிவில் இறங்குகிறேன். சத்தமே இல்லை.
சத்தம் இல்லாதபடியால்
முன்னிடது சக்கரத்தில் இத்தனை நாளும்
முனகிக்கொண்டிருந்த பேரிங்
இப்போதுதான் காதில் விழுகிறது.

ட்யூஃப் நாளைக் காலை ஒன்பதுக்கு.
ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.