பதினேழாம் பாகம்

செந்தூலில் டோபிக் கடைக்கு மேல்மாடி.
சோப்பு வாசம் படியேறி
புத்தகங்கள் வரை வந்துவிடும்.

பதினேழு வந்துவிட்டதா என்றேன்.
சூங் கண்ணாடியை ஏற்றிவிட்டு
"மகனுக்கா?" என்றார், மலாயில்.
ஆமாம் என்றது வாய்.
எனக்கு நாற்பத்து மூன்று. மகன் கிடையாது.

பள்ளிப் பிள்ளையாச்சே என்று
இரண்டு வெள்ளி குறைத்தார்,
நரி ஸ்டிக்கர் ஒன்று இனாம்.

எல்ஆர்டியில்
அலுவலகக் கோப்புக்குள் ஒளித்துப் படித்தேன்.
ஒற்றைக்கண் மாலுமி கப்பலோடு மூழ்கினான்.
மஸ்ஜிட் ஜாமிக் எப்போது போனதோ,
கதவுகள் எங்கோ திறந்து மூடின.

அடுத்த சனி.
"பையன் என்ன சொன்னான்?"
"அழுதான், அங்கிள்."

சூங் பதினெட்டை எடுத்தார்,
பிரிக்காத உறைமேல் விரலால் தட்டினார்:
"அவனிடம் சொல்லு.
அந்த ஆளுக்கு நீந்தத் தெரியும்."