நான்கெல்லை

சின்னமன் காதுகுத்து மொய் நோட்டில்
என் அப்பா பெயருக்கு முன்னால் எழுதியிருக்கிறது:
பூச்சி வகையறா. ஐந்து ரூபாய்.

ஏழாம் வகுப்பில் என் பெஞ்சின்மேல்
சாக்பீஸால் கரப்பான் வரைந்தவன்
இப்போது வார்டு மெம்பர்.
எதிரே பார்த்தால் மீசைகளை விரலால் ஆட்டிக்காட்டுவான்.

பூச்சி யார்?
துரையிடம் டவாலியாக இருந்தவர் என்பார் ஒண்டிவீரன் சித்தப்பா.
ஆம்பளையே இல்லை, கண்டிக்குப் போன புருசனை
பாக்கு இடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தவள் என்பாள் ஒச்சாயி அத்தை.
கட்டையா இருந்திருப்பான், கூப்பிட்டிருப்பாங்க, விடு என்பான் தம்பி.
மாசிப் பச்சைக்கு மட்டும் சண்டை இல்லை.
ஒரே ஒரு செங்கல்லுக்கு
ஆளுக்கொரு மாலை போட்டுவிட்டுக் கறிச்சோறு தின்போம்.

நான் பத்திரம் அடிப்பவள்.
வாடிப்பட்டி சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே,
ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில்
பதினோரு வருசம்.
ஓய்ந்த மத்தியானங்களில்
பூச்சி பெயருக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன்.
வாங்கவில்லை. விற்கவில்லை. அடகு வைக்கவில்லை.
எவனுக்கும் ஒரு அணா கடன்கூட இல்லை.
கடன் இல்லாத மனுசனை
எந்தக் கணக்குப்பிள்ளை ஞாபகம் வைத்துக்கொள்வான்?

அப்புறம் ஒருநாள்
மைதீன் பிச்சை ராவுத்தரின் பேரன்கள்
பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்த மூலப்பத்திரம்,
காளயுக்தி வருசம் ஆவணி மாதம்,
தென்கரைக் கொடிக்கால் இருபது சென்ட்.
'இதற்கு எல்லையாவது
வாய்க்காலுக்கு மேற்கு
பூச்சி குடியிருக்கும் மனைக்கு வடக்கு'

விரலை எடுக்காமல் டீயைக் கையில் வாங்கினேன்.

சொத்தில் தேடியது தப்பு,
அடுத்தவன் சொத்தின் ஓரத்தில் தேடியிருக்க வேண்டும்.
கிழக்குப் பக்கத்து முதலியார் கிரயத்தில்
'பாத்தியமில்லாமல் பூச்சி இருந்துவரும் குடிசைக்குக் கிழக்கு'.
தெற்கே கோயில் நிலம், குத்தகைச் சீட்டில்
பூச்சி வேலிக்குத் தெற்கு.
மேற்கே ஓர் அடமானம், துன்மதி வருசம்,
'பூச்சி இருந்து விட்டுப்போன இடத்துக்கு மேற்கு'.
அதற்கடுத்த வரியை ராமபாணப் பூச்சி தின்றிருந்தது.
சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.
ஆபீஸ் ரெக்கார்டு அறையில் யாரும் அப்படிச் சிரிப்பதில்லை.

நாலு பத்திரத்தையும் பென்சிலால் வரைந்தேன்.
நாலு பேருடையதும் கோடு போட்டு நிரம்பியபின்
நடுவில் வெள்ளையாக மிஞ்சியது ஒன்றரை சென்ட்,
ஒரு பக்கம் கொஞ்சம் கோணல்.

ஆணா, பெண்ணா?
குடியிருக்கும், இருந்து, விட்டுப்போன:
ஒரு வினைமுற்று கிடையாது, எல்லாம் எச்சம்.
எச்சத்துக்கு ஆண்பால் பெண்பால் இல்லை.
பிள்ளைகுட்டிக்கும் அதே வார்த்தைதான்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன்.
கொடிக்கால் இல்லை, வெற்றிலைக்கு நட்ட அகத்தி இல்லை,
வாய்க்காலில் சாக்குப்பையும் கொஞ்சம் தண்ணியும்.
எங்கே நிற்பது என்று தெரியாமல்
ஒரு ஜேசிபி நிழலில் நின்றேன்.
டிரைவர் கேட்டான், இடம் பாக்க வந்தீங்களா?
ஆமாம் என்றேன்.

போன வியாழன் ராவுத்தர் வீட்டார் விற்றார்கள்.
தெற்கு எல்லைக்கு சர்வே நம்பர் போட்டால் போதும்.
நான் அதையும் போட்டேன், அதற்குக் கீழே
நூற்றாண்டுக்கு முந்தைய அதே வார்த்தையில்
பூச்சி மனைக்கு வடக்கு என்று அடித்தேன்.

வாங்குகிறவர் கோயம்புத்தூர்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வரிவரியாகப் படித்தார்.
யாரும்மா இந்தப் பூச்சி, பின்னாடி தகராறு வருமா?

வராது சார்.
வந்ததே இல்லை.