பத்தொன்பது நிமிட இரவு

ஞோரோவில் ஏப்ரல் மழை.
சன்னல் இல்லாத அறைக்குள்
இருபத்திரண்டு மணி நேரப் பகல்.
ஊதாவும் சிவப்புமாய் எரியும் விளக்கின் கீழ்
கோதுமை ஓடிக்கொண்டிருக்கிறது
வேர் நகராமல்.

ஜெப்கோஸ்கெய் முதல் தட்டை விதைத்த வாரத்தில்தான்
நாள் தள்ளிப்போனது தெரிந்தது.
அந்தக் கோதுமை பூத்து, காய்ந்து,
அதன் பேத்திகள் இப்போது பொதி கட்டியாயிற்று.
இவளுக்கு இன்னும் ஏழாம் மாதம்.

துருவுக்கு விடுப்பு கிடையாது.
காற்றேறி வந்த ஆரஞ்சுப் பொடி,
தண்டைத் தொட்டால் விரலில் ஒட்டும்.
அதுவும் பிள்ளை பெறுகிறது,
இரண்டு வாரத்துக்கு ஒரு தலைமுறை.
அவசரம் அதனால்தான்.

இலை நுனியில் பொட்டளவு துளைத்து
தொண்ணூற்றாறு குழித் தட்டில் இடுகிறாள்.
நைரோபியில் எந்திரம் படிக்கும்.
மனித எழுத்தைவிட ஐந்து மடங்கு நீளம்
இந்தப் புல்லின் எழுத்து.
சில நாளில் திரையில் வரிசை வந்துவிடும்:
எது தாங்கும், எது சாயும்,
இன்னும் கதிரே தள்ளாத செடிக்கு
மகசூல் எத்தனை மூட்டை.

மேசை இழுப்பறையில் அவளுடைய ஸ்கேன் படம்.
டாக்டர் சொன்னது ஒரே ஒரு தேதி,
அதுவும் முன்பின் ஆகலாமாம்.

வியாழன் மூன்று மணிக்கு மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் இருமியது, நின்றது.
லாங்காட் டீசல் தேடி ஓடினான்.

இருட்டில் அறுநூறு தொட்டிகள்.
விசிறியும் ஓய்ந்ததால்
முதன்முறையாக அவற்றின் வாசனை வந்தது.
கைபேசி விளக்கை ஏற்றப் போனவள் ஏற்றவில்லை.
கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தாள், கால் வீங்கியிருந்தது.
கை ஒரு தண்டில் பட்டது.
உறைக்குள் கதிர்,
புடைத்து, வெளிவராமல்.

சூல்.
தமிழில் இருவருக்கும் ஒரே சொல்.
அவள் மொழியில் என்னவோ, எனக்குத் தெரியாது.
உள்ளே ஓர் உதை.
"பொறு" என்றாள்.
யாரிடம் சொன்னோம் என்று அவளுக்கே குழப்பம்.

விளக்கு வந்ததும்
கோதுமை விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கியது.
டேப்லெட்டில் பதிந்தாள்:
அறை இரண்டு. இருட்டு, 19 நிமிடம்.
காரணம் கேட்ட கட்டத்தில் மூன்றே விடைகள்.
மின்தடையைத் தொட்டாள்.

கணக்கு முதலிடம் தந்தது
இருநூற்றுப் பன்னிரண்டாம் செடிக்கு.
அதன் விதையை ஜூனில் வெளி வயலில்,
துருவின் நடுவே நட்டுப் பார்ப்பார்கள்.
இவளுக்கும் ஜூன்தான்.
எது முந்தும் என்று லாங்காட்
இருநூறு ஷில்லிங் பந்தயம் கட்டியிருக்கிறான்,
எந்தப் பக்கம் என்று மட்டும்
சொல்ல மாட்டேன் என்கிறான்.