இன்று விடியலில் பறித்தது

பத்தே நாற்காலிகள்.
கொருன்யாவில் துறைமுகத்துக்குப் பின்தெரு,
பெயர்ப்பலகை இல்லாத கதவு.
நான்கு மாதம் முன்பே பணம் கட்டிவிட்டு வருகிறார்கள்.

கவுண்டருக்கு உள்ளே நிற்பவனுக்கு
முகம் பார்க்க நேரமில்லை.
கைகளைத்தான் பார்ப்பேன்:
மோதிரம் கழற்றிய தடம்,
கைக்கடிகாரம் தெரியவேண்டுமென்று மடித்த சட்டைநுனி,
படமெடுக்கத் துடிக்கும் கட்டைவிரல்.
அவர்கள் எங்கள் கைகளைப் பார்க்கிறார்கள்.
ஆகவே வியர்வையைத் துடைக்கக் கூடாது,
சுட்டாலும் உதறக் கூடாது.
உஷியா போட்ட சட்டம்.

மூன்றாவது தட்டு வைக்கையில்
ஏழாம் இருக்கையில் அந்தக் கைகளைக் கண்டேன்.
முட்டிகளில் வெள்ளைத் தழும்பு,
வலது சுட்டுவிரலில் பாதி நகம்.
செவ்வாய்தோறும் ஆறு மணிக்குப் பின்வாசலில்
எனக்கு மீதிச் சில்லறை எண்ணித் தருகிற கைகள்.

எர்மிந்தா.
ரப்பர் உடையிலேயே பார்த்துப் பழகியதால்
அவளுக்குக் காது உண்டென்பதே இன்றுதான் தெரிந்தது.
சிவப்புக்கல் தோடு.
பச்சைச் சட்டையில் இஸ்திரி மடிப்பு.
தலையசைத்தேன். அவள் அசைக்கவில்லை.
காசு கொடுத்து வந்திருக்கிறாள்,
யாருக்கும் தெரிந்தவளாக இருப்பானேன்.

உஷியா அவளைப் பார்த்ததே கிடையாது.
பின்வாசல் என் பொறுப்பு.

ஐந்தாவது தட்டு: ஒரு கருங்கல்.
கல்மேல் ஒரே ஒரு கொட்டலசு,
ஏதோ குட்டி மிருகத்தின் கால்விரல் மாதிரி,
நகத்தோடு.
பக்கத்தில் எலுமிச்சை நுரை.

"இதை," என்று தொடங்கினாள் உஷியா,
எல்லா இரவும் போலக் குரலைத் தாழ்த்தி,
"இன்று விடியலில், அலை பின்வாங்கும் இரண்டு மூச்சுக்குள்
பாறையில் இறங்கிப் பறித்தவள்
எர்மிந்தா என்றொரு பெண்."

திங்கள் முதல் புயல்.
இந்தச் செவ்வாய் பின்வாசலுக்கு யாரும் வரவில்லை.
மொராக்கோவிலிருந்து வந்த தெர்மகோல் பெட்டியைப்
பனிக்கட்டியோடு பிரித்தவன் நான்.
நான்காம் இருக்கைக்காரரின் கல்லில்
நுரையை இரண்டு முறை வைத்துவிட்டேன்.

எட்டாம் இருக்கையில் ஒரு பல்வைத்தியர்.
கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி
"ஆபத்தான வேலையாக இருக்குமே" என்றார்,
இன்னாரிடம் என்றில்லாமல்.

"ஆமாம்," என்றாள் எர்மிந்தா.
"இன்றைக்குப் போயிருந்தால் செத்திருப்பாள்."

அவர் அதைப் பாராட்டென்று எடுத்துக்கொண்டு
பலமாகத் தலையாட்டினார்.
உஷியா மேடைத்துணியை மடித்தாள்.
ஏழாம் இருக்கையின் கைகளைப் பார்த்தாள்.
பிறகு என்னை.
மடித்த துணியை மறுபடி மடித்தாள்.

பல்வைத்தியர் திருகியதில் உப்புநீர் பீய்ச்சி
அவர் தாடையிலேயே அடித்தது. எல்லோரும் சிரித்தார்கள்.
எர்மிந்தா திருகியதில் ஒரு துளி சிந்தவில்லை.
தோலை உரித்து, சதையை வெளிச்சத்தில் பிடித்தாள்.
நீளம், ஒல்லி. நிழல்பக்கத்துப் பாறையில் வளர்ந்தது.
வெயில் பட்டது குட்டையாக, தடியாக இருக்கும்,
எனக்கே அவள் சொல்லித் தெரியும்.
மென்றாள். விழுங்கினாள்.
நுரையைத் தொடவில்லை.

மிச்சமிருந்த ஏழு தட்டுகளையும் வழித்துச் சாப்பிட்டாள்.
கடைசியில் வந்த பாதாம் இனிப்பு
இன்னொன்று கிடைக்குமா என்றாள்.
வழக்கமில்லை.
கொடுத்தேன்.

அடுத்த செவ்வாய் கடல் அடங்கியிருந்தது.
ரப்பர் உடை, நீர் சொட்டும் பை,
தோடு இல்லாத காது.
"கிலோவுக்கு ஆறு யூரோ கூட."
ஏன் என்று நான் கேட்கவில்லை.
சீட்டைப் பார்த்த உஷியாவும் கேட்கவில்லை,
கையெழுத்தை மட்டும் கொஞ்சம் அழுத்திப் போட்டாள்.

அன்றிரவு கற்களில் இருந்தவை குட்டை, தடி,
வெயில் குடித்தவை.
ஐந்தாவது தட்டை வைத்துவிட்டு
"கொட்டலசு," என்றாள் உஷியா.
அவ்வளவுதான்.
இன்னும் ஏதோ சொல்வாளென்று
பத்துப் பேரும் அவள் வாயையே பார்த்திருக்க,
கல்லில் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது.