பதினாலாம் இலக்கத் தகரம்

கோட்டை வாசலில் ஒலிப்பதிவுக் கருவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.
மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த சிப்பாய்
அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
பதினாலு என்று வெட்டிய தகரத் துண்டொன்றைத் தந்தான்.
படம் எடுக்கலாம்.
சத்தம் எடுக்க ஏலாது.

வக்சலா கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, "சரி, வாயிலை கொண்டுபோவம்" என்றாள்.

ஏழு பேர். ஆளுக்கொரு சத்தம்.
இந்த வாசலில் இருந்து கோணேசர் மலை உச்சி மட்டும்
விழுங்காமல், மாற்றாமல் நடக்கவேண்டும்.
யூட்டுக்கு நங்கூரச் சங்கிலி.
கிண்ணியாவிலிருந்து வந்த ரிஸ்வியாவுக்குச் சுண்ணாம்பு நீறுவது.
அது எப்படி இருக்கும் என்று அவள் கேட்க,
மூடி திறந்த சோடாப் போத்தலை நினை என்றாள் வக்சலா.
எனக்கு உளி.
கல்லில் இரும்பு படுகிற ஒற்றை டக்.

கோயிலை உடைத்த கல்லில் எழும்பிய கோட்டை என்று
இங்கே எல்லாரும் சொல்வார்கள்.
அதனால் கேட்டேன்:
செதுக்குகிற உளியா, உடைக்கிற உளியா?
"ரெண்டுக்கும் ஒரே சத்தந்தானே."

அவளுக்கு நான் சொல்லாதது ஒன்று.
என் இடது காது சம்பூரில் நிற்கிறது,
இரண்டாயிரத்து ஆறிலிருந்து.
கூட்டமாக நடந்தால் இடது ஓரம் பிடிப்பேன்,
ஆட்கள் எல்லாரும் வலது பக்கம் இருக்கட்டும் என்று.
கடல் இடப்பக்கம் வருகிற தெருக்களில்
எனக்குக் கடல் இல்லை.

வாசல் கல்லில் இரண்டு மீன்கள்.
பக்கத்தில் பாதியில் அறுந்த தமிழெழுத்து.
காதை வைக்கவேண்டாம், தாடையை வை என்றாள்.
வைத்தேன். கல் சுட்டது.
எங்கேயோ ஒரு லொறி கியர் மாற்றியது
கல்லுக்குள்ளால் ஏறி,
கடைவாய்ப் பல்லுக்குள்ளால் ஏறி,
பூட்டிக் கிடந்த அந்தப் பக்கத்துக்குள்
செருப்பைக் கழற்றாமல் நுழைந்தது.

எடுக்கவில்லை தாடையை.
பின்னால் நின்ற யூட் இரண்டு முறை சங்கிலியை இழுத்துக் காட்டினான்.

பிறகு ஏறினோம்.
எதிரே இறங்கிய பள்ளிக்கூடப் பெடியன்கள்
பேய் பிடிச்ச ஆக்கள் என்றார்கள்.
தேங்காய்த் தட்டோடு போன ஒரு பெண் ஒதுங்கி வழிவிட்டாள்,
பக்தி என்று நினைத்திருக்கவேண்டும்.
ஆலமரத்தடியில் ஒரு மான்
என் முதல் டக்குக்குக் காதைத் திருப்பியது.
இரண்டாவதுக்குத் திருப்பவில்லை.
அப்பளக் கடதாசி ஒன்றைத் தின்றுகொண்டிருந்தது.

பாதிவழியில் யூட்டின் சங்கிலி இருமலாய்ப் போயிற்று.
ரிஸ்வியாவின் சுண்ணாம்புக்குத் தண்ணீர் தாகம்.
உச்சியில் மணி அடித்தார்கள்.
காற்று எங்கள் ஏழையும் அள்ளிக்கொண்டு போய்
கீழே எங்கே போட்டதென்று தெரியாது.
ஒருவரும் கைதட்டவில்லை.
வக்சலா மூக்கைச் சிந்தினாள்.

இறங்கி வந்து தகரத்தைக் கொடுத்தோம்.
வேறொருவன் இருந்தான், முறை மாறிவிட்டது.
கருவியைத் தந்தான்.
அதில் சிவப்புப் பொட்டு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

பஸ் நிலையத்து வாங்கில்
வலது காதில் நான், இடதில் அவள்.
மின்விசிறி.
சோற்றுப் பார்சல் பிரிகிற கடதாசி.
யாரோ சிங்களத்தில் தொலைபேசியில்,
அம்மாவோடு என்று நினைக்கிறேன்,
மழையைப் பற்றியோ கடனைப் பற்றியோ.
தள்ளித் தள்ளிப் போகிற எங்கள் செருப்புகள்.
நாற்காலி.
திரும்பவும் மின்விசிறி, நெடுநேரம்.

பிறகு, மிகக் கிட்ட,
நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுத்து
ஒருவன் தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிறான்:
டக்.

கொஞ்சம் பொறுத்து, இன்னும் மெதுவாக,
டக்.

செதுக்குகிறானா உடைக்கிறானா என்று
வக்சலா திரும்பவும் போட்டாள்.
மூன்றாந்தரம் போடும்போது
நிலாவெளி பஸ் வந்து
எங்கள் இரண்டு பேரின் மூன்று காதையும் நிரப்பியது.