கொசுறு

முதுகலை இரண்டாமாண்டு, களப்பணி முறையியல்,
திங்கள் காலை எட்டரை.
ஒன்பது பேர். ஒருவன் இன்னும் தூங்குகிறான்.
"மானிடவியல் என்பது" என்று நான் தொடங்கவில்லை.
அப்படித் தொடங்கியே பன்னிரண்டு வருஷம் வீணாக்கியிருக்கிறேன்.
வியாழக்கிழமை சிவப்பு ரோப்காரில் ஏறி
எல் ஆல்ட்டோ சந்தைக்குப் போங்கள் என்றேன்,
யாரோடாவது ஒரு மணி நேரம் உட்காருங்கள்,
வாங்க வந்தவர்களாக அல்ல,
வாங்காமல் போகிறவர்களாகவும் அல்ல.
அதெப்படி என்றார்கள்.
அதுதான் பாடம் என்றேன்,
எனக்கும் தெரியாததால்.

லிட்ஸி அப்பாஸா கொண்டுவந்தது
நாற்பத்தேழு நிமிட ஒலிப்பதிவு,
பத்தொன்பது பக்க எழுத்துப்படி.
கேள்விகள் நீளம். பதில்கள்
ஆமாம் செஞ்ஞோரித்தா,
அப்படித்தான் செஞ்ஞோரித்தா,
மழை வந்தால் நீலத் தார்ப்பாய், வெயில் வந்தாலும் அதே.
பதினொன்றாம் பக்கத்தில் ஒரு நாய் குரைக்கிறது.
அதற்கும் நேரம் குறித்திருக்கிறாள்.

பிறகு, என்றாள் லிட்ஸி,
கருவியை அணைத்துப் பையில் போட்டேன்.
தோன்யா எவுலோஹியா தொப்பியைச் சரிசெய்துகொண்டு
தராசிலிருந்து எடைக்கல்லை எடுத்து
என் உள்ளங்கையில் கவிழ்த்து வைத்தாள்.
அடியில் அரம் ஓடிய தடம்.
நாத்தனார் வேலை. புருஷன் சுரங்கத்தை விட்டுச்
சிலிக்குப் போன வருஷம்.
"முதலில் எனக்குத் தெரியாது.
அப்புறம் தெரியும்.
அப்புறம், தெரிந்தும் பதினாறு வருஷம்."
அவ்வளவுதான். யாரோ வெங்காயம் இருக்கிறதா என்று
கேட்டு வந்துவிட்டார்கள்.

இதை எழுதலாமா?

வகுப்பு விழித்துக்கொண்டது, தூங்கியவன் உட்பட.
பெயரை மாற்று என்றான் அவன்.
அந்த மூலையில் விற்பதே மூன்று பேர், என்றாள் ஃபாவியோலா,
பெயரை மாற்றினால் மூன்று பேரும் திருடிகள்.
ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இருக்கிறதே என்றான் அதேமார்.
கையெழுத்து நாற்பத்தேழு நிமிஷத்துக்கு, என்றாள் லிட்ஸி,
இது நாற்பத்தெட்டாவது.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் சன்னலைப் பார்த்தேன்.
இல்லிமானி மலை நின்றது, மேகம் இல்லாமல்,
உதவியும் இல்லாமல்.

ஞாயிறன்று நானே போனேன்.
செய்யக்கூடாத காரியம்.
ஒரு கிலோ சுன்யோ:
பனியில் உறையவிட்டு மிதித்துக் காயவைத்த
கறுத்த உருளைக்கிழங்கு.
கூழாங்கல் மாதிரித் தட்டில் சலசலத்தது.
எடைக்கல்லின் மேற்பக்கத்தை மட்டும் பார்த்தேன்,
கண்ணியமானவன் என்று என்னை நானே நம்பும்படி.
"யாபா, அம்மா?"
கேட்பதற்குள் கை குவித்து அள்ளிவிட்டாள்.
பைக்குள் விழவிருந்த கொசுறைக்
கோட்டுப் பாக்கெட்டில் வாங்கிக்கொண்டேன்.
ஒரு கணம் அவள் அந்தப் பாக்கெட்டைப் பார்த்தாள்.

வீட்டில் மின் தராசு.
பை, தொள்ளாயிரத்து இருபத்தைந்து.
பாக்கெட், எண்பத்திரண்டு.
கூட்டினேன். மறுபடி கூட்டினேன்.
அரம் தின்றதைக் கை
பதினாறு வருஷமாகத் திருப்பிக்கொண்டிருக்கிறது,
கொசுறு என்ற பெயரில்,
கடனை வாங்கிக்கொண்டவர்கள் நன்றி சொல்ல.
ஏழு கிராம்தான் மிச்சம்.
அல்லது அவள் கை அத்தனை பெரிது, வேறொன்றுமில்லை.
ஒரே கிலோவை வைத்துக் கோட்பாடு எழுதாதே என்று
போன வாரம்தான் பலகையில் எழுதிப்போட்டிருந்தேன்.

சான்றை இரவெல்லாம் ஊறவைத்தேன்.
என் தம்பி முட்டையும் பாலாடைக்கட்டியும் போட்டு வதக்கினான்.
தின்றோம்.

லிட்ஸி ஆய்வேட்டில் அந்தப் பக்கத்தை வெள்ளையாக விட்டாள்.
கீழே எண் மட்டும்: அறுபத்து மூன்று.
புறத்தேர்வாளர் அச்சுப்பிழை என்று சுழித்தார்.
நான் மதிப்பெண் குறைக்கவில்லை.
கூட்டவும் தைரியமில்லை.

புதிதாக வந்திருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.
அவள் பெயர் எவுலோஹியா அல்ல.
அவள் விற்றது சுன்யோவும் அல்ல.
அந்த ஏழு கிராமை மட்டும்
மாற்ற மனம் வரவில்லை.